பொட்டலத்து மணமும் வாய்க்கால் புழுவும்

“என்ன அண்ணாச்சி, இன்னும் புழுவையா நோண்டிக்கிட்டு இருக்கிய? ஒரு பாக்கெட்டை வாங்கி உருட்டிப் போடுங்க, மீனு தானா வரும்.”

போன கார்த்திகையில் தென்காசிக்கு மேற்கே ஒரு குளத்தங்கரையில் வாய்க்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தம்பி சொன்னது இது. என் முதுகு வலிக்குமே என்ற அக்கறையில்தான் சொன்னான். அவன் கையில் ரோஜா நிறத்தில் ஒரு மாவுருண்டை இருந்தது. ஸ்ட்ராபெரி வாசனை கரை முழுக்க அடித்தது. பக்கத்தில் பிரித்துக் கிடந்த இன்னொரு பொட்டலத்தில் புழு வடிவில் வார்த்த மெத்தென்ற பிளாஸ்டிக் துண்டுகள், எண்ணெய்ப் பளபளப்போடு.

இது அவன் ஒருவனுடைய எண்ணமாக இருந்தால் சிரித்துப் பேசிவிட்டு வந்திருப்பேன். ஆனால் தூண்டில் சாமான் விற்கும் கடையில் இதையே சொல்கிறார்கள். கைபேசியில் ஓடும் மீன்பிடிக் காணொளிகளில் இதையே சொல்கிறார்கள். மீன் மூக்கால் வாழ்கிற பிராணி, ஆகவே மணம் கூடினால் மீன் கூடும். மண்புழு பழைய காலத்துச் சமாச்சாரம், வாசனை இரை ஆய்வுக்கூடத்தில் செய்தது. புழுவைக் குத்துவது பாவம், பொட்டலம் சுத்தம். குற்றாலம், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் இப்போது தூண்டில் பிடிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் இந்த எண்ணத்தோடுதான் கரைக்கு வருகிறார்கள். நம் குளத்து மீனுக்கும் நம் தண்ணீருக்கும் இந்த எண்ணம் பொருந்தாது. அதை விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வறுக்கிற சட்டியில் முழுதாக அடங்கும் சிறு மீன்களை அமெரிக்கர்கள் சட்டியின் பெயராலேயே அழைக்கிறார்கள். அவர்களுக்கு அது புளூகில், கிராப்பி, பெர்ச். நமக்கு அந்த இடத்தில் இருப்பவை கெண்டை வகைகள், ஜிலேபி, கெளுத்தி, உளுவை, பனையேறி. ஒரு கம்பு, ஒரு பாகம் தங்கூசி நரம்பு, மயில் இறகுத் தண்டில் ஒரு மிதப்பு, சின்ன முள். சாயங்காலம் ஒரு குழம்புக்கு ஆகும். பத்துக் கிலோ கட்லாவுக்குக் காத்திருக்கும் பெரிய தூண்டில்காரர்களின் கணக்கு வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

இப்போது மூக்குக்கு வருவோம்.

மீனுக்கு மோப்பம் உண்டு என்பது உண்மை. அதன் மூக்கு மூச்சு விடுவதற்கு அல்ல. முகத்தின் இரு பக்கமும் உள்ள துளைகளில் தண்ணீர் ஒரு வழியாகப் புகுந்து மறு வழியாக வெளியேறும். அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதைத்தான் மீன் அறியும். நம் மூக்கு அறிவது காற்றில் ஆவியாக எழுந்து வருவதை. பொட்டலத்தைப் பிரித்ததும் கமகமவென்று நம்மை வந்து சேருவது, பொட்டலத்திலிருந்து காற்றுக்குப் போய்விட்ட பங்கு. தண்ணீருக்குள் போய்ச் சேரப்போகும் பங்கு எவ்வளவு, அது என்ன என்பதைப் பற்றி அந்த மணம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கடையில் நின்று மூக்கருகே வைத்துப் பார்த்து “செமையா இருக்கு” என்று வாங்குகிறவர், மீனுக்காக வாங்குவதாக நினைத்துக்கொண்டு தன் மூக்குக்காக வாங்குகிறார்.

மீன் உணவை அறிவது பெரும்பாலும் அமினோ அமிலங்களால். புரதம் சிதையும்போதும் உடல் கசியும்போதும் தண்ணீரில் கரைகிற சின்னஞ்சிறு துகள்கள் அவை. கெளுத்தியின் உடலே ஒரு நாக்கு என்று சொல்லலாம். அதன் மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. 1967-ல் பார்டாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்நாட்டுக் கெளுத்தி வகைகளின் மோப்பத்தை வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டுப் பார்த்தார்கள். மூக்கு இல்லாமலே, மீசையாலும் தோலாலும் சுவைத்தபடி அவை இரை இருந்த திசைக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பின் ஜான் காப்ரியோ அதே குடும்பத்து மீனின் சுவை நரம்புகளை அளந்தார். அலனின், அர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் நம்ப முடியாத அளவுக்கு நீர்த்துப் போயிருந்தாலும் அந்த நரம்புகள் துடித்தன. ஸ்ட்ராபெரி மணத்துக்கு அந்த வேலை இல்லை. கெளுத்தி ஒரு நாளும் ஸ்ட்ராபெரி தின்றதில்லை.

முள்ளில் குத்திய மண்புழுவிலிருந்து கசிவதோ இந்தச் சரக்குதான். குத்திய இடத்திலிருந்து அதன் உடல் நீர் மெல்ல மெல்லக் கரைந்து பரவுகிறது. கூடவே அது நெளிகிறது. தெளிந்த தண்ணீரில் கெண்டையின் கண்ணுக்கு அந்த நெளிவு தெரியும். கலங்கிய தண்ணீரில், மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு அந்த அதிர்வைப் பிடிக்கும். சுவையும் அசைவும் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பொட்டலத்துப் புழு சும்மா தொங்குகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் தேட வேண்டாம், மழை பெய்யும்போது வாய்க்கால் வாயில் நின்றால் போதும். நம் வட்டாரத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கே சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சிற்றாறும் அனுமன் நதியும் அழுதகண்ணியாறும் செம்மண்ணைக் கலக்கிக்கொண்டு இறங்கும்போது, வரப்பும் கரையும் ஊறி, மண்ணுக்குள் இருந்த புழு மேலே வரும். வந்ததைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் புதுத்தண்ணி குளத்தில் விழுகிற இடத்தில் கெண்டையும் கெளுத்தியும் மொய்க்கும். ஏற்று மீன் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். வருடத்தில் இரண்டு முறை, தலைமுறை தலைமுறையாக, இந்தக் குளம் இந்த மீனுக்கு இந்தப் புழுவை ஊட்டி வந்திருக்கிறது. கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் வந்த அதே தண்ணீர்தான் மீனுக்கும் புழு கொண்டுவந்தது. முன்பின் தெரியாத மணத்தை மீன் ஆராய வேண்டியிருக்கும். தெரிந்த உணவை அது வந்து எடுத்துக்கொள்ளும்.

பாபநாசம் கோயில் படித்துறையில் நின்று பொரி போட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். பொரிக்கு என்ன மணம்? ஆனாலும் கை நீளும் முன்பே மீன் கூட்டம் திரள்கிறது. பழகிய உணவு அது.

“அப்படியானால் வெளிநாட்டில் இத்தனை கோடி செலவழித்து ஆராய்ச்சி செய்கிறார்களே, அதெல்லாம் பொய்யா?” என்று கேட்பார்கள். பொய் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஸ்பிரிட் லேக் ஊரில் உள்ள பெர்க்லி நிறுவனம் மீன் தொட்டிகள் வைத்து, விலங்கியல் படித்தவர்களை வேலைக்கு அமர்த்தி, எந்தச் சுவைக்கு மீன் இரையை நீண்ட நேரம் வாயில் வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் 1980-களின் கடைசியில் ‘பவர்பெயிட்’ கொண்டுவந்தது. அது உண்மையான உழைப்பு. ஆனால் அவர்கள் அளந்தது அவர்கள் நாட்டு பாஸ் மீனையும் டிரவுட்டையும். நம் குளத்தில் அவை இல்லை. அந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி, யாரும் எதையும் அளக்காமல் மாவில் சாயமும் பழ எசன்ஸும் கலந்து அடைத்த பொட்டலத்தை நம் பிள்ளைகளுக்கு விற்பது வேறு காரியம். நல்ல மருந்தின் பெயரைச் சொல்லி வேறு சூரணத்தைக் கையில் கொடுப்பது போன்றது அது.

ஐரோப்பாவில் கெண்டைக்குப் பழ வாசனை உருண்டை போட்டு அள்ளுகிறார்களே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அங்கே ‘பாய்லி’ என்ற அவித்த உருண்டைகள் பரவிய 1970-களில், இங்கிலாந்தின் ஃபிரெட் வில்டன் சொன்னது என்னவென்றால், கெண்டையை மறுபடி மறுபடி வரவழைப்பது உருண்டைக்குள் இருக்கும் சத்து. தனக்கு நன்மை தரும் உணவை மீன் அறிந்துகொள்கிறது என்பது அவர் வாதம். அவர் பால் புரதம் போன்றவற்றைச் சேர்த்தார். ஒரே இடத்தில் நாள் கணக்கில் உருண்டையை வீசி மீனைப் பழக்கிய பிறகு தூண்டில் போடுவது அங்கே வழக்கம். அப்படிப் பழக்கிவிட்டால் ஸ்ட்ராபெரி என்ன, எந்த மணமும் வேலை செய்யும். நம் தம்பி நாலரை மணிக்கு வந்து ஆறரை மணிக்குப் போகிறவன். இரண்டு மணி நேரத்தில் அவன் எந்த மீனைப் பழக்க முடியும்?

மணம் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வங்காளத்துத் தூண்டில்காரர்கள் ஏகாங்கி என்ற மணமுள்ள கிழங்குப் பொடியும் வெந்தயமும் எறும்பு முட்டையும் சேர்த்து இரை பிசைவதில் பேர் பெற்றவர்கள். 1653-ல் ஐசக் வால்டன் எழுதிய ஆங்கிலத் தூண்டில் நூலில் ஒரு பழைய தூண்டில்காரர் வருகிறார். ஐவிக் கொடியின் பழத்திலிருந்து எடுத்த எண்ணெயை ஒரு சின்னப் பெட்டியில் தடவி, புழுக்களை அதற்குள் அரைமணி நேரம் வைத்திருந்துவிட்டு முள்ளில் கோப்பாராம். அந்த ரகசியம் அவர் இறந்த பின்தான் வெளியே வந்தது. கவனிக்க வேண்டியது, மணத்தை அத்தனை நம்பிய அவரும் கோத்தது உயிர்ப் புழுவைத்தான். நம் ஊரிலும் கடலைப் புண்ணாக்கு, வறுத்த தவிடு, கருவாட்டுத் தூள் என்று மணமுள்ளவை இரையில் உண்டு. அவையெல்லாம் உணவு, மணம் அந்த உணவோடு சேர்ந்தே வருவது. தண்ணீரில் அந்த உணவே கரைகிறது.

அடுத்தது சான்று. பொட்டலக்காரர்கள் காட்டும் சான்று எப்போதும் ஒரு வாளி நிறைய மீன். அந்த வாளியை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஜிலேபியாக இருக்கும்.

ஜிலேபியைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வளவு பலவீனம் என்று அதன் கதை தெரிந்தால் புரியும். ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன் 1952-ல் இந்தியக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. திலேப்பியா என்ற பெயர் நம் நாவில் ஜிலேபி ஆயிற்று. ஏழே வருடத்தில், 1959-ல், இதை மேலும் பரப்பக்கூடாது என்று இந்திய மீன்வள ஆய்வுக் குழு தடை சொல்லிவிட்டது. அதற்குள் அது பரவி முடிந்திருந்தது. பாசி, சேறு, புழு, பூச்சி, மாவு, சோறு, பிற மீனின் குஞ்சு என்று எது கிடைத்தாலும் தின்னும். போதாததற்கு ஆண் மீன் கரையோரச் சேற்றில் குழி பறித்துக் காவல் இருக்கும் காலத்தில், பசி இல்லாவிட்டாலும் குழிக்கு அருகே வருவதையெல்லாம் வாயால் கவ்வித் தூக்கி எறியப் பார்க்கும். வெறும் முள்ளில் இலைத் துணுக்கைக் குத்தி விட்டாலும் கவ்வும். பெண் மீனோ முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்து வளர்க்கிறது, அந்த நாட்களில் தின்பதே இல்லை எனலாம். ஒருநாள் அள்ளுவதும் மறுநாள் ஒன்றும் கொத்தாததும் இரையைப் பொறுத்ததாக இல்லாமல், குளத்தில் எந்த மீன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கலாம். ஜிலேபி நிறைந்த வாளி எந்த இரைக்கும் சான்று ஆகாது. என் புழுவுக்கும் ஆகாது. அதனால்தான் நான் ஜிலேபியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கெண்டையும் கெளுத்தியும் உளுவையும் வேறு. அவற்றில்தான் இரையின் வித்தியாசம் தெரியும். நான் முப்பது வருடமாகத் தூண்டில் பிடிக்கிறவன். இரண்டு கம்பு ஊன்றி, ஒன்றில் புழுவும் ஒன்றில் வாசனை மாவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த சாயங்காலங்கள் பல. வாசனை மாவில் மிதப்பு ஆடும். சின்னக் கெண்டைகள் வந்து முட்டிவிட்டுப் போகும். புழுவில் மிதப்பு சாய்ந்து முழுகும். முட்டிப் பார்ப்பதும் விழுங்குவதும் ஒன்றல்ல. இது என் கண்ணால் கண்டது. ஒரு மனிதனின் அனுபவம் என்ற அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பு இந்த அளவுக்குக்கூட ஒப்பிட்டுக் காட்டவில்லை. புழுக்கம்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் பொட்டலத்தை மட்டும் போட்டு, வந்த மீனை எண்ணிக் காட்டுகிறார்கள்.

மீன் கொத்தாததற்குக் கையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை யாரும் பேசுவதில்லை. 1950-களில் கனடாவின் மேற்குக் கரையில், ஆற்றில் மேலேறும் சால்மன்கள் மனிதக் கை நனைத்த தண்ணீர் பட்டதும் திகைத்துப் பின்வாங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். தோலில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம்தான் அதற்குக் காரணம் என்று பிரித்தும் காட்டினார்கள். நம் கெண்டைக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் முள்ளைத் தொடுமுன் கரைச் சேற்றை எடுத்துக் கையில் தேய்த்துக்கொள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் எந்தக் கட்டுரையும் படித்தவர் இல்லை. புழு தோண்டியவன் கையில் அந்தச் சேறு தானாகவே இருக்கும். சோப்பும் சென்ட்டும் போட்டுக் குளித்து வந்து பொட்டலத்தைப் பிரிக்கிறவன் கையில் இருக்காது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்ததற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938-ல் மீனைப் பற்றி ஒன்று சொன்னார். கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன் ஒன்றின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது. அதை அறிந்ததும் அதே கூட்டத்து மீன்கள் மிரண்டு ஓடுகின்றன. கெண்டையை நறுக்கிக் கெண்டைக்கே இரை போடாதே என்று நம் கரைகளில் சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது. உயிருள்ளது எல்லாம் நல்ல இரை என்பதும் என் கட்சி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

உண்மையில் சில உயிர் இரைகளை நான் எதிர்க்கிறேன். விராலுக்குத் தவளையை உயிரோடு முதுகில் குத்தித் தண்ணீரில் தத்த விடுவது இங்கே பழைய வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். தவளை வயலுக்குக் காவல். தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் இந்தியா நிறுத்தியது. விராலுக்கு ரப்பர்த் தவளை போதும். நன்றாகவே வேலை செய்கிறது. அதில் வாசனை எதுவும் கிடையாது. தண்ணீர் மேல் அது எழுப்பும் சலனத்தைப் பார்த்து விரால் பாய்கிறது. செயற்கை இரை வெல்லும் இடத்தில்கூட அது மணத்தால் வெல்லவில்லை. சிறு மீனை உயிரோடு இரையாக ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு வாளியில் கொண்டுபோவதும் கூடாது. ஜிலேபியும், வளர்க்கவே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பரவுவதற்கு ஒரு வாளி போதும். புழுவையும் அப்படிக் கொண்டுபோகக் கூடாது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பனிப்பாறை மூடியிருந்த காட்டுப் பகுதிகளில் மண்புழுவே இல்லாமல் இருந்தது. ஐரோப்பியப் புழு அங்கே புகுந்ததில் தூண்டில்காரர்கள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனதற்கும் பங்கு உண்டு. அந்தப் புழுக்கள் காட்டின் சருகுப் படுகையையே தின்று தீர்க்கின்றன. நான் ஆதரிப்பது அந்தந்தக் கரையில் தோண்டி அந்தந்தக் கரையிலேயே போடுகிற புழுவை.

அப்புறம் கருணை. “புழுவைக் குத்துவதைவிட இது மேல்” என்று சொல்பவர்களின் மனசை நான் மதிக்கிறேன். புழுவைத் தொட மாட்டேன் என்பவர்கள் மாவு பிசையலாம். கோதுமை மாவு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, தண்ணீரில் சீக்கிரம் கரையாமல் இருக்க ஒரு துளி பஞ்சு. கெண்டைக்கு இதற்கு மேல் வேண்டாம். புழுவா பொட்டலமா என்று இரண்டே வழி இருப்பதுபோலப் பேசுவதே தப்பு. நடுவே அடுப்படி இருக்கிறது. ஆனால் பொட்டலம் மீனுக்குக் கருணை செய்கிறது என்ற வாதம் நிற்காது. உயிர் இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும், முள் தொண்டையில் சிக்கும், திருப்பி விட்டாலும் பிழைக்காது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அதே உண்மை வாசனை இரைக்கும் உண்டு என்பதை மறைத்துவிடுகிறார்கள். 1996-ல் கொலராடோவில் ரெயின்போ டிரவுட் மீன்களை வைத்து இதையே சோதித்தார்கள். இறகு கட்டிய ஈயில் பிடித்துத் திருப்பி விட்டவற்றில் நூற்றுக்குச் சுமார் 4 இறந்தன. வாசனை ஊட்டிய செயற்கை இரையைச் சும்மா தொங்கவிட்டுப் பிடித்தவற்றில் சுமார் 32 இறந்தன. மணமும் சுவையும் இருப்பதால் மீன் அதையும் துப்பாமல் விழுங்குகிறது. மீனைக் காப்பது, மிதப்பு முழுகியதும் தாமதிக்காமல் சுண்டி எடுக்கும் கை. எந்த இரை போட்டாலும் அந்தக் கை வேண்டும்.

புழு கிடைப்பதில்லை என்ற புகாரில் எனக்கு முழு உடன்பாடு. உரமும் மருந்தும் கொட்டிய வயல் வரப்பில் அரைமணி தோண்டியும் ஒரு புழு வராத நாட்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் மண் கல்லாகிவிடும். ஆனால் வாழைத் தோப்பில் வாய்க்கால் ஈரம் ஊறுகிற ஓரத்திலும், மாட்டுத் தொழுவத்து எருக்குழிக்குப் பக்கத்திலும், சருகு மக்கிய தென்னை மூட்டிலும் இப்போதும் இருக்கிறது. எடுத்ததைச் சிரட்டையில் அந்த மண்ணோடும் ஈரச் சருகோடும் போட்டு நிழலில் வைத்தால் சாயங்காலம் வரை துடிப்பாக இருக்கும். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். முள்ளில் முழுப்புழுவைத் தொங்கவிட வேண்டாம். சிறு துண்டு போதும், நுனி கொஞ்சம் நீட்டி நெளிய வேண்டும். தண்ணீரில் வெளுத்துப்போனதும் மாற்றிவிட வேண்டும், அதற்குள் சாறு போய்விட்டிருக்கும். பலர் புழுவைக் குறை சொல்வது வெளுத்த புழுவை ஒரு மணி நேரம் ஊறப்போட்டுவிட்டுத்தான்.

வைகாசியில் குளம் வற்றிய பிறகு உள்ளே இறங்கி நடந்து பாருங்கள். வெடித்த சேற்றில், மீன் எலும்புக்கும் நத்தை ஓட்டுக்கும் நடுவே, பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் புழுக்கள் கிடக்கின்றன. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே மெத்தென்று இருக்கின்றன. அறுந்த நரம்பு, பளபளக்கும் பொட்டல உறை. இந்தக் கரம்பையைத்தான் விவசாயிகள் வண்டியில் அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். இந்தப் பிளாஸ்டிக் புழுவை மீன் விழுங்கினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் புரூக் டிரவுட்களை வைத்துப் பார்த்தார்கள், 2009-ல் வெளியான ஆய்வு. மென்பிளாஸ்டிக் இரைகளைப் பல மீன்கள் தாமாகவே விழுங்கின, சிலவற்றில் அவை வயிற்றிலேயே தங்கின, மீன் மெலிந்தது. குற்றால அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போட்டுக் குளிக்கக்கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டபோது நாமெல்லாம் சரி என்றோம். அருவித் தண்ணீர்தான் சிற்றாறாகிக் குளம் குளமாக நிறைத்துக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. அந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு கெண்டை உண்டு, உலகில் வேறு எங்கும் இல்லாதது. அருவியில் கூடாத எண்ணெய் குளத்தில் மட்டும் எப்படிக் கூடும்? அருவிக்கு மேலே, செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் காட்டுக்குள் தூண்டிலே கூடாது. அங்கே எந்த இரை என்ற பேச்சுக்கு இடமில்லை.

பொட்டலத்தின் விலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் மீன் பிடிக்கக் காசு வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டான் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. புழு தேடிப் போனவனுக்கு எந்த மண்ணில் ஈரம் நிற்கும், எந்த மடையில் தண்ணீர் கசியும், மழைக்கு முந்திய நாள் புழு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவன் குளத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தூண்டில் போடுகிறான்.

அந்தத் தம்பியிடம் அன்று நான் இத்தனையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். வரும் ஐப்பசியில் முதல் தண்ணீர் குளத்துக்கு வந்து தெளிந்ததும் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உட்காருவோம். ஒரே நீளக் கம்பு, ஒரே முள், ஒரே ஆழம், இரண்டு மிதப்புக்கும் இடையே ஒரு கை தூரம். அரைமணிக்கு ஒரு தடவை இடம் மாற்றிக்கொள்வோம். ஜிலேபியைத் தனியாக எண்ணுவோம். ஒரு நாள் போதாது, ஐந்து நாள். பொட்டலத்தை அவன் கொண்டுவரட்டும், உறையை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கேட்டு வைத்திருக்கிறேன்.